ஒன்று இரண்டாகத் தெரிந்தால்

ஆசிரியருக்கு,

இரட்டைப் பார்வை வந்தால் இங்கு பலர் நேரே கண்ணாடிக் கடைக்குத்தான் போகிறார்கள். அதற்குமுன் ஒரு கண்ணைக் கையால் மூடிப் பாருங்கள், பிறகு மற்றதை. எதை மூடினாலும் ஒன்றாகத் தெரிந்தால், கண்ணை அசைக்கும் தசையிலோ நரம்பிலோதான் கோளாறு. வெறும் பவர் கண்ணாடியால் தீராது. ஒற்றைக் கண்ணிலும் இரண்டாகவே தெரிந்தால் பெரும்பாலும் கண்புரை, உலர்கண் போன்றவை.

நீரிழிவால், கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாம் நரம்பு தளர்ந்தால் தூரத்துப் பொருள்கள் பக்கம் பக்கமாக இரண்டாகும். சீனியையும் பிரஷரையும் கட்டுக்குள் வைத்திருந்தால் அநேகமாக 3 மாதமளவில் தெளியும். அதுவரை ஒரு கண்ணை மறைக்கலாம், கண்ணாடியில், ஒளியைத் திருப்பி இரு உருவங்களையும் ஒன்றாக்கும் பிரிசம் ஒட்டலாம். கல்லடிப் பாலத்தில் எதிரே வரும் பஸ் இரண்டாகத் தெரியும் நிலையில் தயவுசெய்து மோட்டார் சைக்கிளைத் தொடாதீர்கள்.

திடீரென்று வந்து, கூடவே இமை தொங்கல், கடும் தலையிடி, பேச்சுக் குழறல் இருந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

– வாசகர், மட்டக்களப்பு