பெட்டியில் பழுதில்லை, கேபிளில்தான் குறை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பண்டிகைக் காலம் நெருங்கினால் தங்கள் நாளிதழில் தொலைக்காட்சிப் பெட்டி விளம்பரங்கள் முழுப் பக்க அளவில் வரத் தொடங்கிவிடுகின்றன. திரையின் அங்குலமும் விலையும் மாதத் தவணையும் அவற்றில் கொட்டை எழுத்தில் இருக்கின்றன. பெட்டியின் பின்புறம் என்னென்ன இணைப்புகள் உள்ளன, அவை எவ்வளவு தாங்கும் என்பது மட்டும் ஒரு வரிகூட இருப்பதில்லை. தொலைக்காட்சியும் கணினித் திரையும் பழுதுபார்க்கும் தொழிலில் இருபத்தெட்டு ஆண்டுகளாக இருப்பவன் நான். பழுது என்று என்னை அழைக்கும் பல வீடுகளில் பெட்டியில் எந்தக் கோளாறும் இருப்பதில்லை. பொருத்தமற்ற கேபிள்தான் காரணமாக இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

சென்ற மாதம் பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அழைத்திருந்தார். 43 அங்குலப் புதிய பெட்டி. வாங்கி இருபது நாள்கூட ஆகவில்லை. "பழைய டிவியே தேவலாம் தம்பி, நியூஸ்ல கீழ ஓடுற எழுத்து கலங்கலாத் தெரியுது" என்றார். பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். செட்டாப் பாக்ஸிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட பழைய ஏவி கேபிள்தான் வந்துகொண்டிருந்தது. படத்தையும் ஒலியையும் டிஜிட்டலாக ஒன்றாகக் கொண்டுவரும் எச்டிஎம்ஐ கேபிள் அந்தப் பாக்ஸுடன் வந்திருந்தும், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் அட்டைப்பெட்டிக்குள் கிடந்தது. அதை எடுத்துச் செருகி, செட்டாப் பாக்ஸின் அமைப்புகளில் படத் தெளிவை 1080 கோடுகளுக்கு மாற்றிய மறு நிமிடமே, ஓடும் எழுத்தைக் கண்ணாடி அணியாமலேயே வாசித்தார். எச்டி அலைவரிசைகளுக்கென்று மாதந்தோறும் அவர் கூடுதலாகக் கட்டிவந்த பணத்துக்கு அன்றுவரை எந்தப் பயனும் இருந்ததில்லை.

ஏவி கேபிளில் படத்தைக் கொண்டுவருவது மஞ்சள் முனை மட்டுமே. சிவப்பும் வெள்ளையும் ஒலிக்கானவை. நம் நாட்டில் 1982 இல் வண்ண ஒளிபரப்பு வந்தபோது, கறுப்பு வெள்ளைப் பெட்டிகளிலும் அதே நிகழ்ச்சி தெரிய வேண்டும் என்பதால், வெளிச்சத் தகவலுடன் நிறத் தகவலையும் ஒரே அலையில் சேர்த்து அனுப்பும் 'பால்' (PAL) என்ற ஒளிபரப்பு முறை கையாளப்பட்டது. மஞ்சள் முனையில் இன்றும் ஓடுவது அந்தக் கலவைதான். மொத்தம் 625 கோடுகள். அவற்றில் படம் தாங்கியவை 576. கலந்ததை மீண்டும் பிரிக்கும்போது நிறம் எழுத்தின் விளிம்பைத் தாண்டி வழியும். சிவப்பு எழுத்துகள் கலங்குவது இதனால்தான். பழைய 21 அங்குலக் குழல் பெட்டியில் இது பெரிதாகக் கண்ணில் படவில்லை. அதே படத்தை 43 அங்குலத்துக்கு இழுத்தால் குறை முழுவதும் வெளியே வந்துவிடும். ஆனால் ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: செட்டாப் பாக்ஸே எச்டி வகை இல்லையென்றால், கேபிளை மட்டும் மாற்றுவதால் எச்டி படம் வந்துவிடாது.

கணினித் திரைகளில் நீல நிறத் தலையும் இருபுறம் திருகாணியும் கொண்ட விஜிஏ இணைப்பு இன்னும் பல அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் உண்டு. ஐபிஎம் நிறுவனம் 1987 இல் கொண்டுவந்த அந்த இணைப்பின் 15 பின்களில் (ஊசி முனைகளில்) முதல் மூன்றும் முறையே சிவப்பு, பச்சை, நீலம். திரை திடீரென்று மஞ்சளாகிவிட்டால் மூன்றாவது பின் வளைந்திருக்கிறதா என்று பார்த்தாலே போதும். ஒரு பள்ளியில் இப்படி மஞ்சளித்துப்போன திரையைக் கழித்துப்போட எடுத்து வைத்திருந்தார்கள். வளைந்த பின்னைச் சிறு இடுக்கியால் நிமிர்த்தியதும் அது சரியாகிவிட்டது.

எச்டிஎம்ஐ இணைப்பில்தான் சிக்கல் நுட்பமானது. 2002 டிசம்பரில் வெளியான அந்தத் தரத்தின் 19 பின் தலை இன்றுவரை உருவம் மாறவில்லை. உள்ளே ஓடும் வேகம் மட்டும் 2006 இல் வினாடிக்கு 10.2 ஜிகாபிட் (பிட் என்பது 0 அல்லது 1 என்ற தகவல் துணுக்கு; நூறு கோடி பிட் ஒரு ஜிகாபிட்), 2013 இல் 18, 2017 இல் 48 என்று ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. எல்லாக் கேபிளும் எல்லாப் போர்ட்டிலும் (செருகும் துளையிலும்) நுழைவதால், எல்லாம் ஒன்றுதான் என்று மக்கள் நினைப்பதில் வியப்பில்லை. கணக்கைப் போட்டுப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். 4கே திரையில் 3,840 பெருக்கல் 2,160, அதாவது ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் 24 பிட். வினாடிக்கு 60 முறை புதுப்பித்தால் சுமார் 12 ஜிகாபிட். கோடுகளுக்கு இடையிலும் படங்களுக்கு இடையிலும் விடப்படும் இடைவெளியையும், எட்டு பிட்டைப் பத்தாக மாற்றி அனுப்பும் முறையால் கூடும் சுமையையும் சேர்த்தால் அது 17.8 ஜிகாபிட்டைத் தொடுகிறது. 10.2 ஜிகாபிட் தாங்கும் பழைய இணைப்பில் இதில் பாதிதான் போகும். அதாவது வினாடிக்கு 30 படம்.

4கே தொலைக்காட்சியைக் கணினித் திரையாகப் பயன்படுத்திவந்த கல்லூரி மாணவர் ஒருவர், மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி விட்டுவிட்டுத் தாவுகிறது, கணினி மெதுவாகிவிட்டது என்று சொல்லி வந்தார். கணினியில் குறையில்லை, திரையில் வினாடிக்கு 30 படம்தான் ஓடிக்கொண்டிருந்தது. கேபிளை மாற்றிய பிறகும் சரியாகவில்லை. ஏனென்றால், பல தொலைக்காட்சிகளில் ஒவ்வொரு எச்டிஎம்ஐ போர்ட்டுக்கும் உயர் வேக வசதியை அமைப்புகளுக்குள் சென்று நாமே இயக்க வேண்டும். அதற்கும் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. சில பெட்டிகளில் எல்லாப் போர்ட்டுக்கும் அந்த வசதியே கிடையாது.

கேபிள் வாங்கும்போது 2.0, 2.1 என்ற எச்டிஎம்ஐ பதிப்பு எண்ணைப் பார்க்க வேண்டாம். 18 ஜிகாபிட்டுக்குச் சோதிக்கப்பட்டது 'பிரீமியம் ஹை ஸ்பீட்', 48க்குச் சோதிக்கப்பட்டது 'அல்ட்ரா ஹை ஸ்பீட்'. சான்று பெற்ற கேபிளின் பெட்டியில் கைபேசியால் ஸ்கேன் செய்து சரிபார்க்கும் ஒட்டுச்சீட்டு இருக்கும். தங்க முலாம் பூசியது, நிறம் கூடுதலாக வரும் என்று சொல்லிப் பல மடங்கு விலை கேட்பவர்களை நம்ப வேண்டியதில்லை. டிஜிட்டல் தகவல் சரியாகப் போய்ச் சேர்ந்தால் படம் முழுமையாக இருக்கும், சேராவிட்டால் வெள்ளைப் புள்ளிகள் மின்னும், திரை அடிக்கடி கறுத்துப்போகும். இடைப்பட்ட 'கொஞ்சம் நல்ல நிறம்' என்பது கேபிளால் வருவதில்லை. புதிதாக வீடு கட்டுவோருக்கு ஒரு வேண்டுகோள்: எச்டிஎம்ஐ கேபிளை மாற்ற முடியாதபடி சுவருக்குள் புதைத்துவிடாதீர்கள். முக்கால் அங்குலக் குழாயில் அதன் தலை நுழையாது. தலை தாராளமாக நுழைந்து வெளியேறும் பெரிய குழாயாகப் போட்டு வைத்தால், பத்து ஆண்டு கழித்துச் சுவரை உடைக்க நேராது.

மடிக்கணினிகளில் வரும் டிஸ்ப்ளேபோர்ட், யுஎஸ்பி-சி இணைப்புகளிலும் இதே குழப்பம்தான். டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் சாதாரண கேபிள் ஒருவழிப் பாதை. தலைகீழாகச் செருகிச் செட்டாப் பாக்ஸைக் கணினித் திரையில் இணைக்க முயன்றால் படம் வராது. யுஎஸ்பி-சி போர்ட் இருப்பதாலேயே அது படம் அனுப்பும் என்பதும் இல்லை. போர்ட் அனுப்பினாலும், கைபேசி சார்ஜருடன் வரும் பெரும்பாலான கேபிள்களில் அதற்கான அதிவேக இழைகள் இருப்பதில்லை. திரை கெட்டுவிட்டது என்று ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருகிறவர்களுக்கு இதை விளக்கித் திருப்பி அனுப்பும்போது எனக்கே வருத்தமாக இருக்கிறது.

வாங்குபவர்களே தெரிந்துகொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். தெரிந்துகொள்ள வழியில்லாமல் செய்திருக்கிறார்கள் என்பதே என் குறை. எச்டிஎம்ஐ உரிமத்தை நிர்வகிக்கும் அமைப்பு 2021 இறுதியில் அளித்த விளக்கத்தின்படி, 2.1 என்ற பதிப்பின் புதிய வசதிகள் எல்லாம் விருப்பத்துக்குரியவை. 48 ஜிகாபிட் வேகம் இல்லாத பெட்டியையும் 2.1 என்று சொல்லி விற்க முடியும். எந்தெந்த வசதிகள் உள்ளன என்பதைத் தயாரிப்பாளர் குறிப்பிட வேண்டும் என்றும் அதே அமைப்பு சொல்கிறது. அந்தக் குறிப்பு நம் கடைகளில் எங்கும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மின்சிக்கனத்துக்கு நட்சத்திரக் குறியைப் பெட்டியின் முகப்பில் ஒட்ட முடிகிறபோது, ஒவ்வொரு போர்ட்டும் எத்தனை ஜிகாபிட் தாங்கும், 4கே படத்தை வினாடிக்கு எத்தனை முறை காட்டும் என்ற இரண்டு வரிகளைத் தமிழில் அச்சிடுவது கடினமான வேலை அன்று. மத்திய நுகர்வோர் நலத்துறை இதைக் கட்டாயமாக்க வேண்டும். பெட்டியைப் பொருத்த வீட்டுக்கு வரும் பணியாளர்கள், ஏற்கெனவே தொங்கும் ஏவி கேபிளையே செருகிவிட்டுப் போகாமல், எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்துப் படத் தெளிவையும் சரிபார்த்துக் காட்ட வேண்டும் என்று விற்பனைக் கடைகள் அறிவுறுத்த வேண்டும். சட்டம் வரும்வரை, விளம்பரம் தரும் நிறுவனங்களிடம் அந்த இரண்டு வரிகளைத் தங்கள் நாளிதழே கேட்டுப் பெற்று, வரும் தீபாவளி விளம்பரங்களிலிருந்தாவது வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தொலைக்காட்சி பழுதுபார்ப்பவர் ஒருவர்,
திருநெல்வேலி.