பொதிகை எக்ஸ்பிரஸில் போகும் சுமிக்கு

அன்புள்ள சுமி,

நீ அனுப்பிய குரல் செய்தி மூன்றையும் கேட்டேன். இத்தனை நாள் பதில் போடாததற்கு நீ திட்டிய திட்டையும் சேர்த்துத்தான். போனில் பேசினால் பாதியிலேயே "சரி சரி, பார்த்துக்கிறேன்"னு வைத்துவிடுவாய் என்பதால் எழுதியே அனுப்புகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவின் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. கேத்தரினுக்கு ஒருவழியாக மதுரைக்கே மாற்றல் வந்துவிட்டது, இனி புலம்ப அவளுக்கு வேறு விஷயம் தேடவேண்டும்.

காலாண்டு லீவில் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தனியாகக் குற்றாலம் போகிறாய் என்றதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அடுத்த வரியிலேயே "நந்துவுக்கு அரை டிக்கெட் போட்டுட்டேன், காசு மிச்சம்" என்றாய் பார், அங்கேதான் தலையில் கை வைத்தேன். அடியே, 5 வயது முடிந்து 12 ஆகாத பிள்ளைக்கு அரைக் கட்டணம் என்றால் படுக்கை கிடையாது. படுக்கை வேண்டுமானால் முழுக் கட்டணம், 2016இலிருந்து இதுதான் விதி. பாப்பாவுக்கு நாலு வயசு, டிக்கெட்டே வேண்டாம், படுக்கையும் இல்லை. ஆக ஒரே படுக்கையில் மூன்று பேர், விடிய விடிய. அதை ரத்து செய்துவிட்டு இரண்டு படுக்கையாக எடு. பதிவு செய்யும்போது ஒரு கீழ்ப் படுக்கையாவது கிடைத்தால் மட்டும் போடு என்று ஒரு தேர்வு இருக்கும், அதை டிக் பண்ணு. ஸ்லீப்பரில் என்றால் பெண்கள் கோட்டாவையும் பார். தொலைதூர வண்டிகளில் தனியாகப் போகிற பெண்களுக்கென்று 6 படுக்கை ஒதுக்கியிருக்கிறார்கள், 12 வயதுக்குள் இருக்கும் ஆண் பிள்ளை கூட வரலாம்.

கீழே நீயும் பாப்பாவும். அவள் சுவர்ப் பக்கம், நீ வெளிப்பக்கம். நந்துவுக்கு நடுப் படுக்கை. மேல் படுக்கைதான் வேண்டும் என்று அடம் பிடிப்பான், கேட்காதே. தூக்கத்தில் உருளுகிற பையனுக்கு நடுவில் இருந்தால் எட்டிப் பிடிக்க உன் கை எட்டும். நடுப் படுக்கையை ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 வரைதான் விரித்து வைக்கலாம், அதற்கு முன்னால் மேல் படுக்கைக்காரரும் கீழேதான் உட்கார்ந்திருப்பார். அதனால் சாப்பாட்டை ஒன்பதரைக்குள் முடித்துவிடு.

திரும்பி வரும் டிக்கெட் வெயிட்டிங்கில் இருக்கிறது என்கிறாய். அதை நம்பிக்கொண்டு இருக்காதே. ஆன்லைனில் எடுத்தது, சார்ட் (கடைசிப் பயணிகள் பட்டியல்) போட்ட பிறகும் எல்லாருமே வெயிட்டிங்கில் இருந்தால் தானாக ரத்தாகிவிடும், ஏறக்கூடாது. தென்காசியிலிருந்து எடுத்தாயா? வண்டி கிளம்புகிற செங்கோட்டையிலிருந்து எடுத்துப் பார். கிளம்பும் ஊர்க் காத்திருப்புப் பட்டியல்தான் சீக்கிரம் நகரும், நடுவில் ஏறும் ஊர்களுக்கான பட்டியல் நத்தைதான். டிக்கெட் உறுதியானதும், ஒரு நாள் முன்னதாகவே, ஏறும் இடத்தைத் தென்காசி என்று மாற்றிக்கொள். இன்னொன்று, எழும்பூரில் கட்டுமான வேலை நடப்பதால் சில வண்டிகளை அவ்வப்போது தாம்பரத்திலிருந்து விடுகிறார்கள். உன் டிக்கெட்டில் எந்த ஊர் என்று கண்ணால் பார்த்துவிட்டுக் கிளம்பு.

இனி சாப்பாடு. நீ சொன்ன பட்டியலைக் கேட்டு மெஸ் மாமியே மிரண்டு போயிருப்பார். தக்காளி சாதம், உருளைக்கிழங்கு பொரியல், சப்பாத்தி, குருமா, தேங்காய்ச் சட்னி! போகிறது ஒரு ராத்திரிடி, காசிக்கு இல்லை. அன்றைக்கு உனக்கு ஆபீஸ் வேறு இருக்கிறது. காலையில் ஏழரைக்குள் கட்டி வைத்தது ராத்திரி எட்டரை வரை கெடாமல் இருக்கவேண்டும், அந்தக் கணக்கு ஒன்றை வைத்துத்தான் எதைச் செய்வது என்று முடிவு பண்ணணும். தேங்காயும் வெங்காயமும் அந்தப் பதின்மூன்று மணி நேரத்தைத் தாங்காது. உருளைக்கிழங்கு ஈரம் விட்டு நொந்துபோகும். குருமாவைப் பற்றி நான் பேசவே போவதில்லை. (டிபன் பாக்ஸ் ஜன்னல் வழியாகப் போன கதையை உன் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறாயா இல்லையா?)

இரண்டே இரண்டு போதும். பொடி இட்லி, தயிர் சாதம்.

இட்லிக்கு முதல் நாள் ராத்திரி மாவு வெளியே இருக்கட்டும், காலையில் பன்னிரண்டு ஊற்று. வேகவைத்ததும் உடனே எடுக்காமல் இரண்டு நிமிஷம் விட்டு எடுத்தால் அடியில் ஒட்டாது. அதன்பிறகு தட்டில் பரப்பி நன்றாக ஆறவிடு. எல்லாரும் தப்பு பண்ணுவது இந்த இடத்தில்தான். சூட்டோடு டப்பாவில் போட்டால் ஆவி மூடியில் குளிர்ந்து சொட்டுச் சொட்டாகத் திரும்ப இட்லி மேலேயே விழும். ஓரம் கொழகொழத்து, ராத்திரி திறக்கும்போது ஒரு வாடை வரும். ஆறியதும் நாலு டேபிள்ஸ்பூன் மிளகாய்ப்பொடியை ஐந்து டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெயில் குழைத்து இரண்டு பக்கமும் தடவு. எண்ணெயில் கஞ்சம் பிடிக்காதே, இட்லி காய்ந்து வறண்டுபோகாமல் இருப்பது அதனால்தான். தணலில் வாட்டிய வாழை இலையில் வைத்துக் கட்டு. வாட்டாத இலை மடிக்கும்போது கிழியும். பாப்பாவுக்கு மட்டும் மூன்று இட்லியைத் துண்டாக்கி, நெய்யும் சர்க்கரையும் தடவித் தனி டப்பாவில் வை.

தயிர் சாதத்துக்குப் பெயர்தான் அப்படி, செய்யும்போது தயிரைத் தொடவே கூடாது என்று நினைத்துக்கொள். காலையிலேயே தயிர் ஊற்றிப் பிசைந்தால் சாயங்காலத்துக்குள் பல் கூசும். ஒரு டம்ளர் பச்சரிசிக்கு நாலு டம்ளர் தண்ணீர், குக்கரில் ஐந்து விசில். சூடாக இருக்கும்போதே கரண்டியின் அடிப்பக்கத்தால் நன்றாக மசி, ஆறினால் கட்டி கட்டியாகத்தான் நிற்கும். காய்ச்சிய பால் இரண்டரை டம்ளர், தேவையான உப்பு. தளர்ந்து கஞ்சி மாதிரி இருக்கிறதே என்று பயந்து பாலைக் குறைக்காதே, ஒரு மணி நேரத்தில் சோறு அத்தனையையும் குடித்துவிடும். விரலை விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும் பதத்தில் உறைக்கு ஒரே ஒரு டீஸ்பூன் தயிர். சூடாக இருக்கையில் விட்டால் திரிந்துபோகும். டீஸ்பூன் என்றேன், குழிக்கரண்டி இல்லை. சென்னைப் புழுக்கத்தில் உறை கூடினால் மத்தியானமே தயிராகி, ராத்திரிக்குள் புளித்துவிடும்.

கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துக் கொட்டி மூடிவிட்டு ஆபீசுக்குப் போ. சாயங்காலம் வந்ததும், ஃபிரிட்ஜில் வைத்திருக்கும் காய்ச்சிய பாலில் அரை டம்ளர் ஊற்றிக் கிளறு. இறுகியது தளரும், கொஞ்சம் புளித்திருந்தாலும் அடங்கும். வெள்ளரிக்காய், மாதுளை எல்லாம் தனி டப்பாவில் வைத்துச் சாப்பிடும்போது போடு, முன்னமே போட்டால் தண்ணீர் விடும். தொட்டுக்கொள்ள மாவடு, அதற்கு மேல் பேச்சில்லை.

இரண்டையும் ராத்திரியே காலி பண்ணு. மிச்சமிருந்தால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடி வைக்காதே. வெந்த சோறு வெளியிலேயே கிடந்தால் வாடை வராமலேயே கெட்டிருக்கும், திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. தென்காசியில் இறங்கி ஒரு கடையில் உட்கார்ந்து, யாரோ சுட்ட தோசையை யாரோ பரிமாறச் சாப்பிடு. லீவு என்றால் அதுதானே.

உங்க வீட்டுக்காரருக்கும் அத்தைக்கும் மூன்று நாள் குழம்பு வைத்து டப்பா டப்பாவாக அடுக்கப்போகிறேன் என்றாயே, எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. போகிற நாளுக்கு முந்தின ராத்திரி ஒரு மணி வரை அடுப்படியில் நின்றுவிட்டு, ரயிலில் பிள்ளைகளிடம் எரிந்து விழத்தான் இந்தப் பயணமா? ஞாயிற்றுக்கிழமை ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல் போட்டு வை. 100 கிராம் புளியைக் கெட்டியாகக் கரைத்து, 100 மில்லி நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, நிலக்கடலை, பத்துப் பன்னிரண்டு மிளகாய் வற்றல், பெருங்காயம், மஞ்சள் தாளித்து, எண்ணெய் மேலே மிதக்கும்வரை கொதிக்க வை. இறக்கும்போது வறுத்துப் பொடித்த தனியாவும் அரை ஸ்பூன் வெந்தயமும், சுண்டைக்காய் அளவு வெல்லமும். ஈரமில்லாத பாட்டில், ஈரமில்லாத ஸ்பூன், அவ்வளவுதான். ஃபிரிட்ஜில் இரண்டு வாரம் கவலையே இல்லை. அதோடு ஒரு பாத்திரம் தோசை மாவு. குக்கரில் சோறு வைக்க ஒரு மனிதருக்கு நாற்பத்திரண்டு வயதில் தெரியவில்லை என்றால் கற்றுக்கொள்ள மூன்று நாள் தாராளம்.

ஒன்று மட்டும் விளையாட்டில்லாமல் சொல்கிறேன், சுமி. அருவியை நம்பாதே. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து ஒரு பள்ளிக்கூடப் பையனை அடித்துக்கொண்டு போனது. கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே காட்டில் கொட்டுகிற மழை சில நிமிஷங்களில் கீழே வந்துவிடும். தண்ணீர் செம்மண் நிறமாக மாறினாலோ, சருகும் குச்சியும் அடித்துக்கொண்டு வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ, பையையும் செருப்பையும் விட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போ. போலீஸ் குளிக்கத் தடை போட்டிருந்தால் வாதாடாதே, ஓரமாக நின்று கால் நனைக்கிறோம் என்றும் கேட்காதே. நந்துவின் கை உன் கையில்தான் இருக்கவேண்டும், பாப்பாவை அருவிக்கு நேர் கீழே கொண்டுபோகவே வேண்டாம். அந்த வேகம் பெரியவர்களுக்கே மூச்சு முட்டும். தெறித்து விழும் ஓரத்துத் தண்ணீர் அவளுக்குப் போதும்.

மெயின் அருவியில் பெண்களுக்குத் தனிப் பக்கம் இருக்கிறது. வார நாளில் காலை ஆறு மணிக்கு முன்னால் போனால் நெரிசல் இருக்காது. சனி ஞாயிறு என்றால் ஊரே அங்கேதான், அறையிலேயே இரு. டர்க்கி டவலைத் தூக்கிக்கொண்டு போகாதே, சாரல் ஊரில் அது மூன்று நாளானாலும் காயாது. ஆளுக்கு இரண்டு ஈரிழைத் துண்டு எடுத்துக்கொள். பிள்ளைகளுக்குப் பின்பக்கம் வார் வைத்த, பிடிமானம் உள்ள செருப்பு. அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு எதற்கும் அனுமதி இல்லை, அதைப் பையில் வைத்து அடைக்காதே.

உனக்கென்று ஒன்று சொல்லட்டுமா? கடைகளில் மங்குஸ்தான் இருந்தால் பிள்ளைகள் தூங்கிய பிறகு சாப்பிடுவதற்கென்று தனியாக எட்டு வாங்கு. அழுத்தினால் ஓடு லேசாக உள்ளே போகவேண்டும். கல் மாதிரி இருந்தால் பழசு, எடுக்காதே. ஓட்டில் மஞ்சளாகப் பிசின் வடிந்திருந்தால் உள்ளே கசக்கும். அடியில் பூ மாதிரி ஒரு தடம் இருக்கும், அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. இதழ் கூடினால் சுளை சின்னதாகி கொட்டையில்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம், அதைப் பார்த்துப் பொறுக்கு. தோலின் சாறு துணியில் பட்டால் போகாது, அந்த மாம்பழக் கலர் சுடிதாரைப் போட்டுக்கொண்டு உட்காராதே. நந்துவுக்குக் கொடுத்துவிடாதே என்று சொல்லமாட்டேன், சொன்னாலும் நீ கேட்கப்போவதில்லை. அதனால்தான் எட்டு.

திரும்பும்போது வண்டி ஸ்ரீவில்லிபுத்தூரில் நிற்கும், எனக்குப் பால்கோவா வாங்குகிறேன் என்று இறங்கித் தொலைக்காதே. ஓரிரண்டு நிமிஷத்தில் எடுத்துவிடுவான், பிள்ளைகள் உள்ளே இருப்பார்கள். ரயிலில் ஏதாவது சிக்கல் என்றால் 139, அதை நந்துவையும் மனப்பாடம் பண்ண வை.

எனக்கு ஏதாவது வாங்கியே ஆகவேண்டுமென்றால் குற்றாலத்தில் கிராம்பு 50 கிராம் வாங்கு. மொட்டுத் தலையை நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசியணும். எண்ணெயை ஏற்கெனவே வடித்து எடுத்த சக்கையையும் கலந்து விற்பார்கள், அது தண்ணீரில் போட்டால் படுத்து மிதக்கும். நல்ல கிராம்பு மூழ்கும், இல்லை நட்டமாக நிற்கும். கடைக்காரரிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கக் கூச்சப்படாதே.

டிக்கெட்டை மாற்றியதும் ஒரு வரி போடு.

உன்,
வசு