கோடு நிறைய இருக்கிறது, குரல்தான் போகவில்லை: மொபைல் வலையமைப்பைத் திட்டமிடும் பொறியாளர்களுக்கு

வணக்கம்.

வீட்டுக்குள் சிக்னல் இல்லை என்று புகார் வந்தால், கவரேஜ் வரைபடத்தைப் பார்த்து "அங்கே பச்சையாகத்தானே இருக்கிறது" என்று மூடிவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பச்சை பெரும்பாலும் தெருவில் வண்டி ஓட்டி அளந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன நிலை என்று அதற்குத் தெரியாது.

மொபைல் தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு தரும் சுவர்க் கணக்கையே எடுத்துக்கொள்வோம். கான்கிரீட் சுவர் 700 மெகாஹெர்ட்ஸில் சுமார் 8 டெசிபலை (சிக்னல் இழப்பை அளக்கும் அலகு) விழுங்கும், 3500இல் 19. வெட்டவெளியிலேயே இந்த இரண்டு பேண்டுக்கும் (அலைவரிசைத் தொகுதிக்கும்) நடுவில் 14 டெசிபல் வித்தியாசம் உண்டு. சுவரில் 11, வெளியில் 14, ஆக மொத்தம் 25; அதாவது 3500இல் உள்ளே வந்து சேரும் சிக்னல் 700இல் வருவதில் ஏறத்தாழ முந்நூறில் ஒரு பங்கு. 3500இல் வைக்கும் பெரிய ஆன்டெனாக்கள் இதில் ஒரு பகுதியை ஈடுகட்டும், முழுவதையும் அல்ல.

அதற்காக 700 போட்டால் எல்லாம் தீர்ந்தது என்றும் இருந்துவிட வேண்டாம். வெயில் சூட்டைத் தடுக்க உலோகப் பூச்சு பூசிய கண்ணாடி இரண்டு பேண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான், 23, 24 டெசிபல், தின்கிறது. கண்ணாடியால் போர்த்திய கட்டடத்துக்கு உள்ளேயே சிறு செல், அதாவது குறைந்த சக்தியுள்ள குட்டி டவர், வைப்பதுதான் வழி.

இன்னொரு சிக்கல் அப்லிங்க், அதாவது போனிலிருந்து டவருக்குப் போகும் சிக்னல். டவர் பத்துக்கணக்கான வாட்டில் பேசுகிறது, போனிடம் இருப்பதோ 0.2 வாட். 3500இல் ஒரே அலைவரிசையை நேரம் பிரித்துப் பயன்படுத்துவதால், போனுக்குப் பல நேரம் கால்பங்கு நேரம்தான் கிடைக்கும். திரையில் தெரியும் கோடுகள் டவரிலிருந்து வரும் சிக்னலுக்கானவை. அதனால்தான் எதிராளி பேசுவது நமக்குக் கேட்கிறது, அவரோ "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருக்கிறார்.

இதில் பாதி, டவர் கூட்டாமலே சரியாகும். 3500க்கு முன்னுரிமை கொடுத்து, அதைவிட்டு 700க்கு இறங்கும் வரம்பை மைனஸ் 120 டிபிஎம்மில் (சிக்னல் வலிமையின் அலகு; மைனஸ் எண் பெரிதானால் சிக்னல் பலவீனம்) வைத்தால், போன் உள்ளறையிலும் அதையே பிடித்துத் தொங்கும். மைனஸ் 112 அளவுக்கு உயர்த்திப் பாருங்கள். 3500க்குத் திரும்ப ஏறும் வரம்பு அதைவிட 4 முதல் 6 டெசிபல் மேலே இருக்கட்டும், இல்லாவிட்டால் சன்னலோரத்தில் போன் இரண்டு பேண்டுக்கும் இடையே ஊசலாடி பேட்டரியைக் காலி செய்யும். எல்லா டேட்டாவையும் 700இல் இறக்காதீர்கள். அங்கே இருக்கும் அகலம் பத்து மெகாஹெர்ட்ஸ் போல, நெரிசலாகிவிடும். குரலும் அப்லிங்கும் அதில் போகட்டும், இறக்கும் டேட்டா முடிந்தவரை 3500இல் வரட்டும். வைஃபை வழி அழைப்பை, போன் மாடல் பட்டியல் பார்க்காமல், அது வேலை செய்யும் எல்லாப் போனுக்கும் திறந்துவிடுங்கள்.

நள்ளிரவில் ஆள் இல்லாத நேரத்திலும் ஒரு செக்டாரின் (டவரின் ஒரு பக்கம் பார்க்கும் பகுதியின்) அப்லிங்க் இரைச்சல் இறங்கவில்லையா? யாரோ வீட்டில் அனுமதியில்லாத பூஸ்டர் (சிக்னலைப் பெருக்கும் கருவி) மாட்டியிருக்கக்கூடும். அது அவர் வீட்டை மட்டுமல்ல, அந்தச் செக்டாரில் இருக்கும் எல்லோரையும் கெடுக்கிறது. கழற்றச் சொல்லுங்கள், ஆனால் போகிறபோது அளவிடும் கருவியையும் எடுத்துப் போய் அவருடைய உள்ளறையில் ஒருமுறை வைத்துப் பாருங்கள்.