போர்டு வந்தாச்சு, டிரைவர் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

மலை மாவட்டக் கல்லூரிகளில் ரேடியோ வானியல் ஆய்வகம் அமைப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தால், வேகமான ஏடிசி (அலையை எண்களாக மாற்றும் சிப்) போர்டும் எஃப்பிஜிஏவும் (உள்சுற்றை நாமே வடிவமைத்துக்கொள்ளும் சிப்) வாங்கிவிட்டால் மறுநாளே வானலைகளைப் பதிவு செய்துவிடலாம் போலிருக்கிறது. ஊட்டியை அடுத்த முத்தோரையில் 1970 முதல் மலைச்சரிவில் நிற்கும் 530 மீட்டர் நீளத் தொலைநோக்கியை அதில் முன்மாதிரியாகக் காட்டியது சரிதான். ஆனால் ஏடிசிக்கும் கணினித் திரைக்கும் நடுவே லினக்ஸ் கெர்னல் டிரைவர் என்று ஒன்று இருக்கிறது: இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள் இருந்து வன்பொருளை இயக்கும் நிரல். வாங்கிய போர்டு அலமாரிக்குப் போவது பெரும்பாலும் அதனால்தான்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். முத்தோரைத் தொலைநோக்கி கேட்கும் மைய அலைவரிசை 326.5 மெகாஹெர்ட்ஸ். ஏடி9250 போன்ற, இரண்டு சேனலும் 14 பிட்டும் கொண்டு நொடிக்கு 25 கோடி சாம்பிள் (அலையின் ஒரு கணத்து அளவு) எடுக்கும் ஒரு சிப்பை வைத்துக்கொள்வோம். முன்னால் நல்ல பேண்ட்பாஸ் ஃபில்டர் (வேண்டிய அலைவரிசையை மட்டும் விடுவது) இருந்தால் 326.5, சாம்பிள் வேகமான 250 கழிந்து, 76.5 மெகாஹெர்ட்ஸில் மடிந்து வந்து விழும், அலைவரிசையை இறக்கும் மிக்சர் தேவையில்லை. சாம்பிள் எடுக்கத் தாளம் தரும் கிளாக் சிப்பில் காசு மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கிளாக்கில் ஒரு பிக்கோநொடி நடுக்கம் இருந்தாலே எஸ்என்ஆர் (சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம்) 54 டெசிபலைத் தாண்டாது, 14 பிட்டுக்குப் பணம் கொடுத்து 9 பிட்கூடக் கைக்கு வராது. சாம்பிளுக்கு 2 பைட், இரண்டு சேனல் என்றால் நொடிக்கு 100 கோடி பைட் ஓடி வருகிறது. கிகாபிட் ஈதர்நெட் அதில் எட்டில் ஒரு பங்கைத்தான் கடத்தும். சாம்பிளுக்கு ஒரு இன்டரப்ட் (செயலியை நிறுத்திக் கூப்பிடும் குறி) என்ற பேச்சே இல்லை. 4 நானோநொடிக்கு ஒன்று வந்தால் எந்தச் செயலியும் படுத்துவிடும். 40 லட்சம் பைட் கொண்ட பஃபரே (தற்காலிக நினைவிடம்) 4 மில்லிநொடியில் நிரம்பிவிடும் என்பதால், டிஎம்ஏ (செயலியைத் தொடாமல் தரவை நினைவகத்தில் நேராக எழுதும் வழி) வரிசையில் குறைந்தது நான்கைந்து பஃபராவது எப்போதும் காத்திருக்க வேண்டும்.

டிரைவர் எழுதுபவர்கள் வழக்கமாக எல்லாவற்றையும் ஒரே கோப்பில் திணிக்கிறார்கள். எஸ்பிஐ வயர் வழியே எழுதும் சிப்பின் அமைப்பு ரெஜிஸ்டர், கிளாக் சிப், லிங்க், டிஎம்ஏ, அதன்மேல் மேலுள்ள நிரல் டிரைவருக்குக் கட்டளையிடத் தாங்களே கண்டுபிடித்த ஐஆக்டில் எண்கள். அந்த ஒரு போர்டில், அந்த ஒரு கெர்னலில் அது ஓடும். சிப்பை மாற்றினால் எல்லாம் முதலிலிருந்து. லினக்ஸில் இதற்கென்றே ஐஐஓ என்ற கட்டமைப்பு 2009 முதல் இருக்கிறது. சேனல், ஸ்கேல், சாம்பிள் வேகம் எல்லாம் அதில் எல்லாச் சிப்புக்கும் ஒரே பெயரில் சிஸ்எஃப்எஸ் (கெர்னல் தன் அமைப்புகளைக் காட்டும் கோப்பு மரம்) கோப்புகளாகத் தெரியும். சிப் மாறினாலும் மேலே ஓடும் நிரலைத் தொட வேண்டியதில்லை. ஏடிசி சிப்புக்கும் எஃப்பிஜிஏவுக்குள் இருக்கும் கோருக்கும் (தரவை வாங்கும் சுற்று) தனித்தனி டிரைவர் எழுதி இணைப்பதற்கான பேக்எண்ட் கட்டமைப்பும் 2024-இல் சேர்ந்துவிட்டது. கிளாக் சிப்பைக் கெர்னலின் காமன் கிளாக் கட்டமைப்பிடம் விட்டுவிட வேண்டும். கிளாக் இன்னும் தயாராகவில்லை என்றால் ப்ரோப் டிஃபர் (‘பிறகு முயல்க’) பிழையைத் திருப்பி அனுப்பினால் போதும், கெர்னலே பிறகு மறுபடி கூப்பிடும். இது தெரியாமல் டிரைவருக்குள் ஸ்லீப் போட்டுக் காத்திருப்பவர்கள் இன்றும் உண்டு.

அதிகம் படுத்துவது ஏடிசிக்கும் எஃப்பிஜிஏவுக்கும் நடுவே ஓடும் ஜெஸ்டி204பி என்ற அதிவேக லிங்க்தான். மேலே சொன்ன சிப்பில் இரண்டு லேன் (தரவு ஓடும் வயர் இணை) வைத்தால் லேனுக்கு 5 கிகாபிட்: 2 சேனல், 16 பிட், 10/8 (8 பிட்டை 10 பிட்டாக அனுப்பும் குறியாக்கம்), 250 மெகாஹெர்ட்ஸ், எல்லாவற்றையும் பெருக்கி இரண்டால் வகுக்க வேண்டும். எம் (எத்தனை சேனல்), எல் (எத்தனை லேன்), எஃப் (ஒரு ஃப்ரேமில் லேனுக்கு எத்தனை பைட்), கே (ஒரு மல்டிஃப்ரேமில் எத்தனை ஃப்ரேம்) மதிப்புகளை டிவைஸ் ட்ரீயில் (வன்பொருளைக் கெர்னலுக்கு விவரிக்கும் கோப்பு) ஓரிடத்தில் மட்டும் எழுதி, இரு முனைகளும் அங்கிருந்தே எடுக்கும்படி செய்ய வேண்டும். முதலில் கிளாக் லாக் (நிலைபெறுதல்), அடுத்து ஏடிசி, பிறகு எஃப்பிஜிஏ ரிசீவர், கடைசியில் சிஸ்ரெஃப் (எல்லாச் சிப்புக்கும் ஒரே தொடக்க நேரத்தைக் காட்டும் துடிப்பு) என்பதுதான் வரிசை; முன்பின் ஆனால் லிங்க் ஏறாது. சிங்க் பிட் (இரு முனையும் ஒத்திசைந்ததைக் காட்டுவது) ஏறவே இல்லையென்றால் கிளாக்கையும் லேன் வேகத்தையும் ப்ளஸ்-மைனஸ் வயர் மாறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். சிங்க் வந்து, அடுத்த கட்டமான ஐலாஸில் (லேன்களை வரிசைப்படுத்தும் தொடக்கத் தொடர்) விழுந்தால் எஃப், கே, ஸ்கிராம்ப்ளிங் (பிட்களைக் கலைத்து அனுப்புதல்) ஆகியவற்றில் ஏதோ ஒன்று இரு முனையிலும் ஒத்துப்போகவில்லை.

லிங்க் ஏறிய பிறகும் ஒரு கண்ணி உண்டு. எஃப் 2, கே 32 என்றால் ஒரு மல்டிஃப்ரேம் 128 நானோநொடி. சிஸ்ரெஃப் 7.8125 மெகாஹெர்ட்ஸாகவோ அதை முழு எண்ணால் வகுத்து வருவதாகவோ இருக்க வேண்டும். லேன் தரவு மல்டிஃப்ரேமின் விளிம்பில் வந்து சேர்ந்தால் ஒவ்வொரு முறை பவர் போடும்போதும் தாமதம் 128 நானோநொடி முன்பின் ஆகும். அந்த நேரத்தில் ஒளி 38 மீட்டர் போய்விடும். பல ஆன்டெனாக்களின் சிக்னலைக் கூட்டும் வேலையில் ஒரு போர்டு மட்டும் இப்படித் தாவினால் ஃபேஸ் (அலைகளின் நேர ஒத்திசைவு) கணக்கு முழுவதும் பாழ். ரிசீவர் பஃபரின் தாமதத்தைச் சரிசெய்து, விளிம்பிலிருந்து விலக்கி வைப்பது டிரைவரின் வேலை. ஜனவரி உறைபனியில் விடியற்காலை போட்ட போர்டு நண்பகலில் சூடேறி அந்த விளிம்புக்கு நகரக்கூடும் என்பதால், நீலகிரியில் இதைக் கூடுதலாகவே பார்க்க வேண்டும். அதேபோல் மழைக்காலத்தில் கரண்ட் ஒரு நொடி சிமிட்டினாலும் கிளாக்கைப் பிடித்து நிறுத்தும் பிஎல்எல் சுற்றின் லாக் போய்விடும். டிரைவர் லாக் பிட்டை அவ்வப்போது படித்து, கணினியை ரீபூட் செய்யாமல் லிங்க்கை மட்டும் மறுபடி ஏற்ற வேண்டும்.

தரவு வந்த பிறகு வரும் கோளாறுகள் கண்ணாலேயே தெரியும். சைன் அலையின் கீழ்ப்பாதி மேலே ஏறி நின்றால், குறியுள்ள எண்ணைக் குறியில்லாததாகப் படிக்கிறீர்கள். ஐஐஓவின் ஸ்கேன் டைப்பில் (சாம்பிள் நினைவில் எப்படி அடுக்கப்பட்டுள்ளது என்ற விவரம்) குறி, பிட் எண்ணிக்கை, ஷிஃப்ட் மூன்றும் சரியா என்று பார்க்க வேண்டும். ஜிங்க்-7000 (செயலியும் எஃப்பிஜிஏவும் சேர்ந்த சிப்) போர்டில் 32 பைட் துண்டுதுண்டாகப் பழைய சாம்பிள்கள் நடுவில் தெரிந்தால் அது கேஷ் (செயலி தன்னருகே வைத்துக்கொள்ளும் நகல்). அங்குள்ள ஹெச்பி (அதிவேக) போர்ட் வழியே வரும் டிஎம்ஏ செயலியின் கேஷுக்குத் தெரியாது. கேஷைப் புதுப்பிக்கும் கெர்னலின் டிஎம்ஏ சிங்க் அழைப்பை விட்டிருப்பீர்கள். ஆன்டெனாவை இணைக்கும் முன் ஏடிசியின் ராம்ப் டெஸ்ட் பேட்டர்னை (ஒவ்வொன்றாக ஏறும் எண் வரிசை) ஓட்டினால் இவை பாதி அங்கேயே பிடிபடும். பஃபர் நிரம்பி வழிந்து சாம்பிள் தொலைந்தால் டிரைவர் அதை மறைக்கவே கூடாது. ஓவர்ஃப்ளோ என்று மேலே சொல்லியாக வேண்டும். எஃப்எஃப்டியும் (அலைவரிசைகளைப் பிரிக்கும் கணக்கு) கோரிலேஷனும் (இரு சிக்னலை ஒப்பிடும் கணக்கு) கெர்னலுக்குள் வர வேண்டியவை அல்ல. மிதவைப்புள்ளிக் கணக்குக்கு அது இடமில்லை.

கல்லூரிகள் டெண்டர் விடும்போது போர்டோடு டிரைவரின் மூலநிரலும் டிவைஸ் ட்ரீயும் எஃப்பிஜிஏ திட்டக் கோப்புகளும் தர வேண்டும், டிரைவர் எந்த கெர்னல் பதிப்பில் ஓடியது என்று எழுத்தில் குறிப்பிட வேண்டும், ராம்ப் பேட்டர்னை ஒரு மணி நேரம் பிழையின்றிப் பதிவு செய்து காட்டிய பிறகே பணம் என்று ஒரு நிபந்தனை சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
மின்னணு, மென்பொருள் பொறியாளர்கள் சிலர்,
குன்னூர்.