நண்பனுக்கு: ஏதென்ஸை ஆண்ட டியூக்குகள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. அம்மா வழுக்கி விழுந்து காலில் அடி. இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார், நேற்றுகூட உன்னை விசாரித்தார். ராத்திரிகளில் அவர் பக்கத்தில் கண்விழித்து உட்கார்ந்திருந்தபோது ஒரு விஷயம் படித்தேன், அதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஏதென்ஸ் என்றால் நமக்கு சாக்ரடீஸ், பெரிக்ளிஸ், அதோடு சரி. அப்புறம் அந்த ஊர் என்ன ஆனது என்று நாம் கேட்டதே இல்லை. 1204இல் சிலுவைப் போர்க்காரர்கள் கான்ஸ்டாண்டிநோபிளைப் பிடித்துக் கொள்ளையடித்தார்கள் அல்லவா, அதற்கடுத்து பிரான்ஸ் பக்கத்து பர்கண்டியிலிருந்து வந்த ஒத்தோ டி லா ரோஷ் என்ற வீரருக்கு ஏதென்ஸும் தீப்ஸும் பங்காகக் கிடைத்தன. அவர் குடும்பத்துக்கு டியூக் என்ற சிற்றரசர் பட்டம் சில காலம் கழித்துத்தான் வந்தது. ஏதீனா தேவியின் பழைய கோயிலான பார்த்தினான் அப்போது மாதா கோயில்!

அந்த வம்சம் முடிந்து உறவுமுறையில் வந்தவர் பிரியன் குடும்பத்து வால்டர். அவர் செய்ததை நினைத்தால் இப்போதும் மனம் ஆறவில்லை. ஸ்பெயின் பக்கத்துக் கத்தலோனியக் கூலிப்படையை வரவழைத்துச் சண்டை போட வைத்து, கோட்டைகளைப் பிடித்துக் கொடுத்த பிறகு, குதிரைவீரரில் 200 பேர், காலாட்படையில் 300 பேர் என்று பொறுக்கி எடுத்து அவர்களுக்கு மட்டும் சம்பளமும் நிலமும் கொடுத்தார், மற்றவர்களை பாக்கி தராமலே போகச் சொன்னார். 1311 மார்ச் 15இல் இரண்டு தரப்பும் மோதின. கத்தலோனியர் தங்களுக்கு முன்னால் இருந்த வயல்வெளியில் தண்ணீரைத் திருப்பிவிட்டுக் காத்திருந்தார்கள். மேலே பசும்புல், கீழே சேறு. கனத்த கவசத்தோடு பாய்ந்து வந்த குதிரைகள் அப்படியே புதைந்து நின்றன. டியூக் செத்தார், தப்பிய பிரபுக்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். சண்டைக்கு முன்பே, பொறுக்கி எடுக்கப்பட்ட அந்த 500 பேரும் கிடைத்ததை உதறிவிட்டுத் தோழர்களிடம் திரும்பிவிட்டார்களாம். இதைப் படித்தபோது ஆலை வேலைநிறுத்தத்தில் உன் அப்பா நின்ற நிலைதான் ஞாபகம் வந்தது.

அடுத்த எழுபது, எண்பது ஆண்டுகள் கத்தலோனியர் ஆட்சி. 1380இல் அவர்களுக்கும் அரசராக இருந்த அராகோனின் நான்காம் பேத்ரோ, ஏதென்ஸின் குன்றுக் கோட்டையான அக்ரோபோலிஸுக்குக் காவலாக பத்துப் பன்னிரண்டு வில்வீரர்களை அனுப்பச் சொல்லி எழுதிய கடிதம் இருக்கிறது. உலகத்திலேயே விலைமதிப்பற்ற நகை அந்தக் கோட்டை, கிறிஸ்தவ அரசர்கள் எல்லோரும் சேர்ந்தாலும் அதுபோல் ஒன்று செய்ய முடியாது என்கிறார். அவர் அந்தப் பக்கம் போனதே கிடையாது!

1388இல் பிளாரன்ஸ் வங்கிக் குடும்பத்து நேரியோ அச்சயோலி அக்ரோபோலிஸைப் பிடித்தார். எதிரிகளிடம் சிறைப்பட்டபோது மீட்புப் பணத்துக்காக மாதா கோயில் கதவின் வெள்ளித் தகட்டையே உரித்தெடுத்தார்கள். 1394இல் சாகும்போது அந்த வெள்ளியைத் திரும்பப் பதிக்கச் சொல்லி, ஏதென்ஸ் நகரத்தையே அந்தக் கோயிலுக்கு எழுதிவைத்துவிட்டார். நான் படித்த உயில்களில் இப்படி ஒன்று கிடையாது. 1458இல் அக்ரோபோலிஸும் துருக்கியர் கைக்குப் போனது, கடைசி டியூக் பிராங்கோவை இரண்டு வருடத்தில் கொன்றுவிட்டார்கள்.

மனம் ஆறாத இன்னொன்று உண்டு. அக்ரோபோலிஸ் நுழைவாயிலை ஒட்டி அந்தக் காலத்துக் கோபுரம் ஒன்று நின்றது, சுமார் 26 மீட்டர் உயரம். பழைய கிரேக்கக் காலத்துக்கு அப்புறம் வந்ததெல்லாம் வேண்டாம் என்று 1870களில் இடித்துத் தள்ளினார்கள், செலவை ஏற்றவர் டிராய் என்ற பழைய நகரத்தைத் தோண்டிய ஷ்லீமன். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒழுங்காகக் குறித்துவைக்கக்கூட இல்லை. அதுவும் அந்த ஊரின் கதைதானே, சொல்.

இடிப்பதற்கு முன் எடுத்த பழைய புகைப்படம் ஒன்றைப் பிரதி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். பார்த்தினானை விட்டுவிட்டு மேற்கே நுழைவாயில் பக்கம் பார், சதுரமாக நிற்கும். பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? அம்மா அதிரசத்துக்கு இப்போதே வெல்லம் வாங்கிவைக்கச் சொல்கிறார்.

உன் நண்பன்