அசிமா சட்டர்ஜியின் பெயரோடு அந்தச் செடியையும் அச்சிடுங்கள்

அறிவியல் பாடநூல்களும் போட்டித் தேர்வுக் கையேடுகளும் எழுதுகிறவர்களுக்கு,

வணக்கம். நான் மருந்து வேதியியல் நடத்தும் ஆசிரியை. அண்மையில் வகுப்பில், அசிமா சட்டர்ஜி யார் என்று கேட்டேன். இந்தியப் பல்கலைக்கழகத்தில் டி.எஸ்சி. என்ற அறிவியல் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண், அறிவியலுக்கான பட்நாகர் விருது வாங்கிய முதல் பெண், இந்திய அறிவியல் மாநாட்டின் முதல் பெண் தலைவர் என்று வரிசையாகச் சொன்னார்கள். 1944, 1961, 1975 என்று ஆண்டுகூடப் பிசகவில்லை. சரி, அவர் ஆராய்ந்தது என்ன என்றேன். வகுப்பு அமைதியானது. கடைசியில் ஒரு மாணவி, "நித்தியகல்யாணியிலிருந்து புற்றுநோய் மருந்து கண்டுபிடித்தார்" என்றாள்.

அது தவறு. நித்தியகல்யாணியிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற அந்தப் புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்தவர்கள் கனடாவின் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும், 1958இல். அந்தச் செடியினத்தின் ஆல்கலாய்டுகளை, அதாவது செடியில் உருவாகும் நைட்ரஜன் கொண்ட வேதிப்பொருள்களை, சட்டர்ஜியும் ஆராய்ந்தார் என்பதால் யாரோ இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். ஒருவர் எழுதியதைப் பார்த்து அடுத்தவர் எழுத, அது பிள்ளைகள்வரை வந்துவிட்டது. மாணவிமேல் எனக்குக் கோபமில்லை. படித்ததைத்தானே சொன்னாள்.

என் வருத்தமெல்லாம், சொல்லவேண்டியது விடுபட்டுப் போகிறதே என்பதுதான். நம் ஊரில் வயலோரத்திலும் தோட்ட வேலியருகிலும் பாம்புக்கலா என்றொரு செடி முளைத்துக் கிடக்கும். சிவந்து, பிறகு கறுத்துப்போகும் சின்னச்சின்னப் பழங்கள். சர்ப்பகந்தி என்ற மூலிகைக்கு உறவு. 1940களின் தொடக்கத்தில், கல்கத்தாவில், திருமணத்துக்கு முன் அசிமா முகர்ஜி என்ற பெயரில் எழுதிய அந்த இளம்பெண், இச்செடியின் ரௌவோல்சின் என்ற ஆல்கலாய்டைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். மூலக்கூற்றின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். கருவி இல்லாத காலம். மூலக்கூற்றைத் துண்டு துண்டாக உடைத்து, கிடைத்த துண்டுகளை வைத்து முழு உருவத்தை ஊகிக்க வேண்டும். ரௌவோல்சினும் யோஹிம்பின் என்ற இன்னொரு ஆல்கலாய்டும் ஒரே அணுக்களால் ஆனவை. அந்த அணுக்கள் முப்பரிமாணத்தில் எப்படித் திரும்பியிருக்கின்றன என்பதில் மட்டுமே வேறுபாடு. இவ்வளவு நுணுக்கமான வேலை அது.

அப்புறம் நடந்தது இன்னும் அழகு. நரம்பு முனையிலிருந்து நார்அட்ரினலின் என்ற செய்தி கடத்தும் வேதிப்பொருள் வெளியேறும்போது, "போதும், நிறுத்து" என்று கட்டுப்படுத்துவது ஆல்பா-2 ஏற்பி (receptor). ரௌவோல்சின் அந்த ஏற்பியில் போய் உட்கார்ந்து அதை அடைத்துவிடும். அதனால் பின்னால் வந்த மருந்தியலாளர்கள் ட்ரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனை ரௌவோல்சினில் ஏற்றி, மூளைத் திசுவில் ஆல்பா-2 ஏற்பிகள் எங்கே, எவ்வளவு இருக்கின்றன என்று அளந்தார்கள். வேலியோரச் செடியின் சரக்கு, நரம்பு மருந்தியலில் அளவுகோலாகிவிட்டது! இதை வகுப்பில் சொன்னபோது மாணவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

வலிப்பு நோய்க்கான ஆயுஷ்-56 பற்றி எழுதும்போது மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். ஆரைக்கீரையையும் சடாமாஞ்சிலையும் கொண்டு சட்டர்ஜி உருவாக்கிய மருந்து அது, அப்படியே எழுதுங்கள். "வலிப்பைக் குணப்படுத்தினார்" என்று எழுதாதீர்கள். வலிப்பு உள்ள பிள்ளை எந்த வீட்டிலும் இருக்கலாம். அந்த வரியை நம்பி மருத்துவர் கொடுத்த மாத்திரையை ஒருநாள் நிறுத்தினாலும் ஆபத்து.

முதல் பெண் என்ற பெருமையை எடுத்துவிடச் சொல்லவில்லை. 1940இல் லேடி பிரபோர்ன் கல்லூரியில் வேதியியல் துறையைத் தொடங்கி, 1962இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் கைரா பேராசிரியர் என்ற சிறப்புப் பதவிக்கு வந்தவர் அவர். அந்தப் படிகள் ஒவ்வொன்றும் எவ்வளவு உயரம் என்று ஒரு பெண்ணாக எனக்குத் தெரியும். ஆனால் சி.வி. ராமனைப் பற்றி எழுதும்போது ஒளிச்சிதறலை விட்டுவிட்டுப் பட்டங்களை மட்டும் அடுக்குவீர்களா?

அடுத்த பதிப்பில் ஒரே ஒரு பத்தி ஒதுக்குங்கள். புற்றுநோய் மருந்து பற்றிய வரியை நீக்கிவிட்டு, ரௌவோல்சினைச் சேருங்கள். பக்கத்தில் பாம்புக்கலாவின் படம் ஒன்று, பழத்தோடு. பள்ளிக்கூடத்துக்கு வரும் வழியில் பிள்ளைகள் அதைத் தேடிப் பார்ப்பார்கள்.

அன்புடன்,
ஒரு வேதியியல் ஆசிரியை