வேலையை விடலாமா என்று கேட்டாயே

ராயப்பேட்டை, சென்னை
மார்கழி, ஞாயிறு காலை

அன்பு மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கோபித்துக்கொள்ளாதே. ஜனவரி புத்தகக் காட்சி நெருங்குகிறது. பதிப்பாளர்கள் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் அட்டைப்படம் வேண்டும். ஆடியில் ஈ ஓட்டியவனுக்கு இப்போது தூங்க நேரமில்லை. நாவலைப் படிக்கக்கூடக் கொடுப்பதில்லை. "ஒரு பெண், ஒரு மரம், கொஞ்சம் சோகம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வரும், அவ்வளவுதான்.

கும்பகோணத்தில் டிராயிங் மாஸ்டர் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து சொந்தமாக வரையலாமா என்று கேட்டிருந்தாய். வா என்று சொல்லப் பயமாக இருக்கிறது, வராதே என்று சொல்ல மனசு வரவில்லை. நடப்பதைச் சொல்கிறேன்.

வரைவதில் சிரமமில்லை. காசு கேட்பதுதான் சிரமம். எழும்பூர் கல்லூரியில் நமக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை. இந்தச் சித்திரையில் ஒரு விளம்பரக் கம்பெனிக்கு 60,000 ரூபாய்க்கு வேலை முடித்துக் கொடுத்தேன். பணம் வந்தது ஐப்பசியில். அதுவும் 10 சதவீதம் டிடிஎஸ் (அவர்களே முன்கூட்டிப் பிடித்துக்கொள்ளும் வருமான வரி) போக 54,000. நடுவில் "சார், அந்த பேமெண்ட்..." என்று நான் அனுப்பிய மெசேஜ்களை ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். 23. அந்த நேரத்தில் இரண்டு அட்டை வரைந்திருப்பேன்.

அப்புறம்தான் உத்யம் என்ற அரசாங்கச் சிறுதொழில் பதிவைச் செய்தேன். பைசா செலவில்லை, ஆதாரும் பான் எண்ணும் போதும். நம்மைப் போன்ற சிறுதொழில்காரர்களுக்கு 45 நாளுக்குள் பணம் தந்துவிட வேண்டும், தவறினால் வட்டி என்று 2006-ஆம் வருஷத்துச் சட்டமே இருக்கிறது. வட்டி கேட்டு இதுவரை யாரிடமும் சண்டைக்குப் போனதில்லை. போனால் அடுத்த வேலை வராது. ஆனால் பில்லின் அடியில் பதிவு எண்ணைப் போட ஆரம்பித்ததிலிருந்து, அக்கவுண்ட்ஸ்காரர் போனை எடுக்கிறார்.

இன்னொன்று வலித்தது. ஒரு அட்டைக்காக நான் வரைந்த ஓவியம், ஒரு கடையில் துணிப்பையில் அச்சாகித் தொங்கியது. சண்டை போடலாம் என்று ஒரு வக்கீலிடம் போனேன். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், வரையச் சொன்னவரே உரிமையாளராம்! பையை 180 ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தேன். இப்போது காய்கறி வாங்க அதைத்தான் எடுத்துப் போகிறேன். அன்றிலிருந்து எந்த வேலைக்கும் "இந்தப் பதிப்பின் அட்டைக்கு மட்டும்" என்று ஒரு வரி எழுதி, கையெழுத்து வாங்காமல் பென்சிலைத் தொடுவதில்லை.

முகூர்த்த மாதங்களில் கல்யாணப் பத்திரிகைக்கு மாப்பிள்ளை பெண் கேரிகேச்சர் போடுகிறேன். முன்பு இதை வெளியில் சொல்லக் கூச்சப்படுவேன். போன மாதம் ஈஞ்சம்பாக்கம் பக்கம் போனபோது சோழமண்டலத்தில் இறங்கினேன். 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் அந்த ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது, அவரும் கூட இருந்தவர்களும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசில்தான் நிலம் வாங்கினார்கள். அவர்களே துணி விற்றிருக்கிறார்கள், எனக்கென்ன கூச்சம்? (கேரிகேச்சரில் மூக்கைப் பெரிதாகப் போட்டால் மட்டும் மாமியார்கள் சண்டைக்கு வருகிறார்கள்.)

ஆனால் எதிர்வீட்டுப் பெரியவர் இன்னும் "தம்பி எந்தக் கம்பெனி?" என்றுதான் கேட்கிறார். வாடகைக்கு வீடு தேடியபோது "சம்பளச் சிலிப் இருக்கா?" என்றார்கள். உனக்கு அது இருக்கிறது, மச்சான். மாசக் கடைசியில் பணம் வந்து விழுவது எவ்வளவு பெரிய நிம்மதி என்று இப்போதுதான் தெரிகிறது.

அதனால் இப்போதைக்கு ராஜினாமா எழுதாதே. மே லீவில் ஒரு மாதம் வா. மொட்டைமாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. வெயில் கொளுத்தும், பரவாயில்லை. இரண்டு மூன்று பதிப்பாளர்களிடம் கூட்டிப் போகிறேன். பில்லை நீயே எழுது, பணத்தையும் நீயே கேள். ஆறு மாத வீட்டுச் செலவு கையில் சேர்ந்த பிறகு தங்கச்சியிடமும் பேசிவிட்டு முடிவெடுக்கலாம்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே மெசேஜ் வந்துவிட்டது. மரம் வேண்டாமாம். சோகமும் கொஞ்சம் குறையட்டுமாம். போய்ப் பார்க்கிறேன்.

உன்
மச்சான்